வாடிப்பட்டிக்கு வந்த ஸ்லாவியப் பெயர்கள்

குழந்தைப் பெயர் புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்துவதைப்போல நிம்மதியில்லாத வேலை கிடையாது. நாம் விட்ட பிழையை ஒரு பிள்ளை ஆயுசு முழுக்கச் சுமந்துகொண்டு திரியும். அச்சகங்களில் காலம் தள்ளிய அன்பர்களுக்கு என் வேதனை புரியும். தொண்ணூறுகளில் மதுரையில் நான் இருந்த பதிப்பகத்தின் முதலாளி, போட்டிப் புத்தகத்தைவிடக் கனமாக இருக்கட்டும் என்று ஸ்லாவியப் பெயர்களையும் சேர்க்கச் சொன்னார். தபாலில் ரஷ்ய மொழி படித்த பாவத்துக்கு நான் அகப்பட்டேன். போதாததற்குப் பின்னட்டையில் "சந்தேகங்களுக்கு நேரில் வரவும்" என்று வேறு போட்டுவிட்டார். வந்தார்கள்.

தோழரின் மகன்

திருமங்கலத்துத் தோழர் ஒருவர். கோயில் இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டார். எங்கள் புத்தகம் வருவதற்கு முன்பே, ரஷ்யாப் பக்கத்துப் பெயர் என்பதற்காகவே மகனுக்கு 'போக்தான்' என்று வைத்துப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு அர்த்தம் கேட்க வந்தார். பக்கத்தைத் திறந்து காட்டினேன்: கடவுள் தந்தவன்.

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளம்பும்போது காதருகே குனிந்து சொன்னார்: "என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிய வேணாம்ணே. தெரிஞ்சா அழகர்கோயிலுக்கு மொட்டை போடக் கூட்டிட்டுப் போயிருவா."

அழகில்லாதவன்

கே.கே. நகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், புத்தகத்தை மேஜையில் ஓங்கி அடித்தார். "நெக்ராஸ், அழகில்லாதவன்! பச்சப்புள்ளைக்கு எவனாவது இப்படிப் பேரு வைப்பானா?" பிள்ளை தங்காத வீடுகளில், கெட்டது எதுவும் சீண்டாமல் இருக்க அந்தக் காலத்தில் அங்கே இப்படித்தான் வைப்பார்கள் என்று விளக்கினேன்.

அடித்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி பிரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் பேரு குப்பைச்சாமி. எனக்கு முன்னாடி மூணு தங்கல. அம்புட்டுத் தூரத்துலயும் எங்காத்தா மாதிரியே யோசிச்சிருக்காளுகளே!"

மூன்றாவது பெண்

வாடிப்பட்டியிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் இடுப்பில் மூன்றாவது பெண்குழந்தை. அடுத்தது ஆணாகப் பிறக்க, இதற்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைக்க வேண்டும் என்பது மாமியார் கட்சி. மருமகளோ புத்தகத்தில் 'ல்யூபா' என்ற பெயர்மேல் விரலை வைத்தபடி, "என் பேரே போதும்பொண்ணுதான் சார். எனக்குப் பெறகும் ரெண்டு தங்கச்சி" என்றாள். விரலுக்குப் பக்கத்தில் அர்த்தம் அச்சாகியிருந்தது: பிரியமானவள். மாமியாருக்கு எழுத்து தெரியாது. "என்னய்யா அர்த்தம்?" என்றார். மருமகள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை வருட வேலையில் முதல்முறையாகத் தெரிந்தே பொய் சொன்னேன். "அடுத்தது ஆம்பளப் புள்ளன்னு அர்த்தம்மா."

அடுத்த மாதம் மாமியார் மறுபடி வந்தார். கூடவே மருமகளும், பெண்குழந்தைகளோடு மூன்று பக்கத்து வீட்டுக்காரிகளும். "இவளுகளுக்கும் அந்தப் பேரையே எழுதிக் குடுங்கய்யா!" நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, மருமகள் குழந்தையோடு மேஜையோரம் வந்து மெல்லச் சொன்னாள்: "நெசமான அர்த்தத்த ஒருதடவ வாய்விட்டுச் சொல்லுங்க சார். எம்புள்ள கேக்கட்டும்."

அந்தத் தெருவின் நான்கு ல்யூபாக்களுக்கும் கல்யாணமே ஆகிவிட்டது; நான் விசாரித்தவரை, ஒருத்திக்கும் தம்பி பிறக்கவில்லை.