சாமி படத்துக்குப் பின்னால் வைத்த அடையாள அட்டை

தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஒரு முன்னாள் ஆமிக்காரர் ஏறுவார். சிங்களவர், ராணுவத்தில் இருந்தவர். ஐம்பது வயதிருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அவர் ஏறியதும் கண்டக்டர், "ஆமி மாத்தயாவுக்கு யாராச்சும் எந்திரிச்சு எடங் குடுங்க" என்று கத்துவான். நான் மட்டும் அசைய மாட்டேன். பதுளையில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிறவள் நான். காரணம் அதுவல்ல. என் தம்பியைக் கொண்டுபோனவர்களும் அதே உடுப்புப் போட்டவர்கள்தான். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

தம்பி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். சண்டை உச்சத்தில் இருந்த காலம். தீபாவளிக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றிப் போட்டான். துவைக்க எடுத்தபோது பையில் அவனுடைய அடையாள அட்டை இருந்தது. ஐசி நனைந்துவிடக் கூடாது என்று எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். முக்கியமான எதையும் எங்கள் வீட்டில் அங்கேதான் வைப்போம். தொலையாது என்று நம்பிக்கை. தொலையத்தான் இல்லை. மறந்துபோனேன். அவனும் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு காலை ரயிலில் போய்விட்டான்.

கடையிலிருந்து போன் எடுத்தான். "அக்கா, ஐசிய அங்கயே விட்டுட்டேன். தபால்ல போட்டு விடு."

"ரெண்டு நாள் பொறுடா. அது வரைக்கும் வெளிய சுத்தாம கெட" என்றேன். தீபாவளிக்கு எடுத்த லீவுக்கே என் கடை முதலாளி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தபால் கந்தோருக்கு நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் கடைக்காரர் போன் எடுத்தார். செக்பாயிண்டில் பஸ்ஸை நிறுத்தித் தம்பியை இறக்கினார்களாம். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

எத்தனை முகாம், எத்தனை பொலிஸ், எத்தனை கடிதம்! அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிக் கிடக்கும். சாகிற வாரம் மட்டும் என் கையைப் பிடித்து, "ஐசிய தபால்ல போட்டுட்டியாடி?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கே செத்துப்போயிருக்கலாம் போல இருந்தது. அந்த அட்டை அன்று முதல் என் கைப்பையிலேயே கிடந்தது.

இந்த வருஷம் வைகாசியில், போரை வென்ற நாளைக் கொண்டாட எங்கும் கொடி கட்டியிருந்தார்கள். மத்தியானம் சாப்பாடு வாங்கப் பதுளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். அங்கே நான்கு பேர் பதாகைகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். நான்கு பேருமே முன்னாள் ஆமிக்காரர்கள். ஓரத்தில் நின்றவர் எங்கள் காலை பஸ்ஸில் ஏறுகிறவர். அவர் பிடித்திருந்த பதாகையில் சிங்களத்திலும் கீழே தமிழிலும் எழுதியிருந்தது: "வடக்கில் சண்டை போட்டோம். கொழும்பில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினோம். இரண்டும் பிழை."

போகிறவர்கள் துரோகி என்று ஏசினார்கள். ஒருவன் காறித் துப்பினான். அது அவருடைய சப்பாத்தில் விழுந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குப் பசியே போய்விட்டது. நேரே போய் ஐசியை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"இவனைத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

ஐசியைச் சட்டென்று வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். செக்பாயிண்டில் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர் கை அதை இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். முகம் சுருங்கிப்போய்விட்டது.

"தெரியாது அக்கா. ரெண்டு வருஷம் அங்க நின்னேன். எத்தனையோ பேரு. யார் முகமும் ஞாபகம் இல்ல" என்றார் சிங்களத்தில்.

"இது வீட்டுல இருந்துச்சு. நான்தான் எடுத்து வச்சேன். இது கையில இல்லாமத்தான் அவன் மாட்டுனான்."

அவர் பிடித்திருந்த பதாகையைக் கீழே இறக்கினார்.

"பேரப் பாப்போம். பொறந்த ஊரப் பாப்போம். வயசுத் தமிழ்ப் பையன்னா தள்ளி நிக்கச் சொல்லுவோம். ஐசி இல்லாதவனையும் நிறுத்துனோம், இருந்தவனையும் நிறுத்துனோம். அன்னைக்கு எத்தனை பேரு வேணும்னு மேல இருந்து சொல்லுவாங்க. இது அவன் பையில இருந்திருந்தாலும் எறக்கித்தான் இருப்போம், அக்கா."

"அடப்பாவி!" தமிழில்தான் கத்தினேன். "இத எங்கம்மா உசுரோட இருக்கையில வந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். ஐசியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். ஒரு பொலிஸ்காரர் வந்து கூட்டத்தை விலக்கினார். நான் கடைக்குப் போய் மிச்ச நேரம் துணி அளந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அவர் ஏறினார். கண்டக்டர் இந்த முறை கத்தவில்லை. செய்தி அவனுக்கும் எட்டியிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் தள்ளாடினார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து, "வாங்க, ஒக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா படத்துக்கு முன்னால் நின்றேன். ஐசியை எடுத்து, பின்னால் செருகாமல், அவள் கண்ணுக்கு நேராகச் சாய்த்து வைத்தேன்.

"இருந்திருந்தாலும் எறக்கியிருப்பாங்களாம்மா" என்று சத்தமாகவே சொன்னேன். "கேட்டுச்சா? இருந்திருந்தாலும் எறக்கியிருப்பாங்களாம்."

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.