கோகிலாவின் முன்பல்

காசியம்மாளின் பெரிய மகள் வளர்மதிக்குப் பல்லெல்லாம் காவி ஏறிக் கிடந்தது. செங்கல்பொடி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கேலி செய்தே அவளைச் சிரிக்க விடாமல் செய்துவிட்டார்கள், பாவிகள். கைக்குழந்தையாக இருந்த சின்னவள் கோகிலாவுக்காவது பல் வெள்ளையாக வரவேண்டுமே என்பதுதான் காசியம்மாளுக்கு ஒரே கவலை.

எண்பத்திரண்டில், இண்டூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மருத்துவ முகாம் வந்தது. அடிபம்புத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லையும் எலும்பையும் அதுதான் கெடுக்கிறது என்றார்கள். நல்ல கிணறு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. காசியம்மாளுக்கோ அப்போதே முட்டி மடங்காது.

"பால் பல்லு எப்படியும் விழறதுதானேக்கா. புதுப் பல்லு மொளைக்கறப்ப நல்ல தண்ணி குடுத்தாப் போதும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கோகிலாவின் பால் பல்லும் அரிசி மாதிரி வெள்ளையாகத்தானே இருந்தது!

ஆறு வயதில் கோகிலாவுக்கு முதல் பல் விழுந்ததும் காசியம்மாள் அதைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தாள். மறுநாளே கிணற்றுக்குக் கிளம்பிவிட்டாள். ஏரிக்கரையில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் குடத்தைக் கொண்டுவந்து சேர்ப்பாள். புருஷன் மாதையன் திட்டினார், கேட்கவில்லை. பிள்ளையை வேறு தண்ணீர் ஒரு வாய் குடிக்க விடமாட்டாள்.

புதுப் பல் சுண்ணாம்பாய் வெளுத்து முளைத்தது. வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். சில மாதத்தில் அதன் குறுக்கே காவிக் கோடு விழுந்தது. தர்மபுரி பல் டாக்டரிடம் நானும் கூடப் போனேன்.

"பல்லு வெளிய வர்றப்பதான் நம்ம கண்ணுக்குத் தெரியுது. ஆனா கொழந்தை பொறந்த சில மாசத்துலயே இந்தப் புது முன்பல்லுக்குத் தாடைக்குள்ள சுண்ணாம்புச் சத்து ஏற ஆரம்பிச்சிரும்மா. அஞ்சு வயசுக்குள்ள அது முழுசா உருவாயிரும். தண்ணிய அப்பவே மாத்தியிருக்கணும்" என்றார் அவர்.

"பால் பல்லு விழறதுக்கு முன்னாடியேவா சார்?"

"ஆமாம்மா."

பஸ்ஸில் கோகிலா அம்மாவின் மடியில் தூங்கினாள். "அந்தத் தண்ணிய நான்தானேக்கா என் கையால ஊட்டுனேன்" என்றாள் காசியம்மாள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை தாகம் என்றது. காசியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தாள். "அடியே, எலும்புக்காவது நல்ல தண்ணி வேணாமா?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"பல்லே போச்சு, இனி எதுக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பம்பை அடிக்க ஆரம்பித்தாள்.