பூவரசங்கதியால்

காட்டு நடைபாதையின் வாசலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். "இலகுவான பாதை. சிறுவர்களும் முதியவர்களும் நடக்கலாம்." வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலகுவாம்! இதே காட்டுக்குள்ளால் நாங்கள் ஓடிய நாளில் ஒருவரும் எங்களுக்குப் பலகை நட்டு வழி காட்டவில்லை.

"கத்தாதையடி, சனம் பாக்குது," என்றாள் அக்கா.

அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. இனி ஒருமுறை இங்கே வர ஏலாது. வந்த காரியம் ஒன்றுதான். அவளுடைய மகளைப் புதைத்த இடத்தில் நிற்கும் பூவரசைக் கண்டுபிடித்து, அதில் நட்டால் துளிர்க்கிற கம்பாக ஒரு கதியால் வெட்டிக்கொண்டு போய், ஈச்சிலம்பற்றில் எங்கள் வீட்டு வளவில் நட வேண்டும்.

பிள்ளையை அப்போது பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்த்திருக்கவில்லை. ஷெல் துண்டு பட்டு இந்தக் காட்டில்தான் செத்தாள். மண்வெட்டி கூட இல்லை. அத்தான் கோடரியால் கொத்த, நானும் அக்காவும் கையால் மண் அள்ளினோம். அந்த நாட்களில் ஊரை விட்டு ஓடுமுன் வேலியில் நாலைந்து பூவரசங்கதியால் வெட்டிக்கொள்வோம். போகிற இடத்தில் தறப்பாளைக் கூடாரமாகக் கட்டக் கம்பு வேண்டுமே. அதில் ஒன்றை அத்தான் பச்சையாகவே பிள்ளையின் தலைமாட்டில் ஊன்றினார். "காட்டிலை பூவரசு தானா முளைக்காது. பிறகு வந்து கண்டுபிடிக்கலாம்," என்றார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிதிவெடி என்று சொல்லிக் காட்டுக்குள் எவரையும் விடாமல் வைத்திருந்து, இப்போதுதான் உல்லாசமாக நடக்கத் திறந்திருக்கிறார்கள்.

பாதை நல்ல பாதைதான், அதையும் சொல்ல வேண்டும். பாலை மரமும் வீரை மரமும் நல்ல நிழல். ஒரு பழைய பதுங்குகுழியைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு சோடி கயிற்றைத் தாண்டி உள்ளே இறங்கி, சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பாதை வளைகிற இடத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பூவரசடி!"

மஞ்சள் பூவோடு ஒரு மெல்லிய மரம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. பாதையின் இரண்டு ஓரமும் பூவரசுதான்.

காவலாளி ஒருவர் இடுப்பில் கத்தியோடு வந்தார். "ஆர் தம்பி இதெல்லாம் நட்டது?" என்று பாய்ந்தேன்.

"நாங்கள்தான் அம்மா, பாதைக்கு வேலியா. உள்ளுக்குப் பழைய பூவரசு கனக்க நிக்குது, அதிலை வெட்டினது. முந்தி ஆரோ தோட்டம் செய்து வேலி போட்டிருக்கினம் போல."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னோம். பற்றையை விலக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் போனோம். பெரிய பெரிய பூவரசுகள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. கொப்பெல்லாம் வெட்டுப்பட்டு, வெட்டின இடத்தில் திரும்பத் துளிர்த்திருந்தன.

தோட்டமாவது மண்ணாங்கட்டியாவது! எந்த விசரன் இப்படித் தாறுமாறாக வேலி நடுவான்? கத்தத்தான் வாயைத் திறந்தேன், அப்போதுதான் விளங்கியது. எங்களுக்கு முன்னும் பின்னும் எத்தனை ஊர்ச் சனம் இந்த வழியால் ஓடியது. எல்லோர் கையிலும் தறப்பாள் கம்பு இருந்தது. அத்தானுக்கு வந்த யோசனை, இங்கே தங்கள் சனத்தைப் புதைத்த அத்தனை பேருக்கும் வந்திருக்கிறது. நாங்கள் மட்டும்தான் அடையாளம் வைத்தோம் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தோமே, அட கடவுளே!

அக்கா நொண்டி நொண்டி மரம் மரமாகப் போய்த் தொட்டுப் பார்த்தாள். ஒட்டி நின்ற இரண்டு மரத்தடியில் நின்று, "இது ஆரோ தாயும் பிள்ளையுமாக்கும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாங்கள் சின்னக் கதியால்தானேடி நட்டனாங்கள்?"

"ஓம் அக்கா. சின்னது."

சின்ன மரம் ஒன்றுகூட அங்கே இல்லை.

வந்த விஷயத்தைக் காவலாளியிடம் நான்தான் சொன்னேன். அவருடைய முகம் செத்துப்போயிற்று. "எங்களுக்குத் தெரியாதம்மா, சத்தியமாத் தெரியாது," என்றார். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்திருக்கும் அவருக்கு. கத்தியை உருவிக்கொண்டு, "நல்ல கதியாலாப் பாத்து வெட்டித் தாறன். எதிலை வெட்ட, அம்மா?" என்று கேட்டார்.

அக்கா கையை நீட்டினாள். ஒரு மரத்தைக் காட்டினாள், உடனே அடுத்ததற்குப் போனாள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. பிறகு கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஒண்டிலையும் வெட்டாதேங்கோ, தம்பி," என்றாள். "இவ்வளவு நாளும் வெட்டினதே போதும்."