முகப்பில் ஒரு படம்

பார்வையற்ற அடைக்கலமேரி, வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றவர். புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்திருந்தார். கல்லூரியின் இணையதளத்தை அவருடைய கைபேசி நாள்தோறும் வாசித்துக் காட்டியது. நேர்காணல் அறிவிப்பை மட்டும் காகிதத்தில் அச்சிட்டு, அதைப் படமெடுத்து ஏற்றியிருந்தார்கள். கைபேசி "படம்" என்று சொல்லிக் கடந்தது. வேலை வேறொருவருக்குப் போன பிறகே அவருக்குச் செய்தி தெரிந்தது.

"வெப்சைட்ல போட்டிருந்தோமே, பாக்கலையாம்மா?" என்றார் கல்லூரி அலுவலர் கணபதி.

"பாக்க முடிஞ்சா ஒங்ககிட்ட ஏன் சார் வாரேன்? படத்துக்குக் கீழ நாலு வரி டைப் பண்ணுங்க, போன் படிச்சிரும்."

"அருமையான யோசனைம்மா. ஒங்களையே முகப்புல போட்டுருவோம். கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க."

மறுவாரம் "அனைவருக்குமான இணையதளம்" என்னும் தலைப்பை அவருடைய கைபேசி தெளிவாக வாசித்தது. அதன் கீழே அவருடைய முகம் இருந்த இடத்தில், "படம்" என்று சொல்லிக் கடந்தது.