பாசத்தோடு ஒரு தண்டனை

கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தமிடும்போதே புரூரியா கல்மனோவிச்சின் விரல்கள் மாணவியின் கழுத்துப் பொத்தானைத் தடவிப் பார்த்துவிடும். ஜெருசலேமில் நான் பாடம் நடத்தும் ஆசாரமான யூதப் பெண்கள் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியை. அவர் கைகளை விரித்தபடி வராந்தாவில் வந்தால் போதும். "ஐயோ, பாசம் வருதுடி, பொத்தானைப் போடு!" என்று பெண்கள் கிசுகிசுப்பார்கள்.

அவர் மேஜையில் தேன் கேக் தட்டு எப்போதும் இருக்கும். திட்டு வாங்கியவளுக்கு ஒரு துண்டு. அப்பாவை அழைத்துவரச் சொன்னால் இரண்டு. எங்கள் பள்ளியில் குறும்புக்காரிகளுக்குத்தான் பல்வலி அதிகம். தாய்மார் கூட்டம் என்றால் குரல் தழுதழுக்கும்: "அடிக்காதீங்க, அணைச்சுக்கோங்க. ஆனா பிடியை மட்டும் விட்டுடாதீங்க!"

போன வாரம் பதினோராம் வகுப்பு மெய்டாரின் பையில் ஸ்மார்ட்போன் அகப்பட்டது. இங்கே அதற்கு ஒரே தீர்ப்பு, பள்ளியை விட்டு வெளியேற்றம். வினாத்தாளில் கையெழுத்து வாங்க வந்த நான் அறையின் ஓரமாக நின்றிருந்தேன்.

"உன் மேல இருக்கிற பாசத்துலதான் அனுப்பறேன், கண்ணு" என்று கேக் தட்டையே அவள் பக்கம் நகர்த்தி வைத்தார் புரூரியா.

மெய்டார் கேக்கைத் தொடவில்லை. "பாசம் இல்லேன்னா என்ன டீச்சர் பண்ணியிருப்பீங்க?"

புரூரியா, மணமான பெண்கள் முடியை மறைக்கப் போடும் தன் விக்கைச் சரிசெய்துகொண்டார். பிறகு, தீர்ப்புக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார்.

"போன் எதுக்குடி உனக்கு?"

"அக்காகிட்ட பேச. அவ சனிக்கிழமை ஓய்வுநாள், ஜெபம் எல்லாத்தையும் விட்டுட்டு டெல் அவீவ் போயிட்டா. வீட்ல அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டார் அப்பா. இன்னிக்கு அவளுக்குப் பிறந்த நாள்."

போன் ஒரு குற்றம்; ஆசாரத்தை விட்ட அக்கா அதைவிடப் பெரிய குற்றம். புரூரியாவின் முகம் இரண்டையும் கூட்டிப் பார்த்துக் களைத்தது. இழுப்பறையைத் திறந்து போனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பேசிட்டு என்கிட்டயே குடுத்துடணும். இனிமே பேசறதுன்னா இந்த ரூமுக்கு வா. சாப்பிட்டாளான்னு கேளு."

என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். எதிரே துணைத் தலைமையாசிரியை வந்தார்.

"அந்தப் பொண்ணை அனுப்பிட்டீங்களா?"

"உள்ளே தண்டனை நடக்குது" என்றார் புரூரியா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

அறைக்குள்ளிருந்து கலகலவென்று ஒரு சிரிப்புக் கேட்டது. புரூரியா கதவில் முதுகைச் சாய்த்து, உரக்க, விடாமல் இருமத் தொடங்கினார்.