எங்கள் ஊர் சாண கேஸும் என் வீட்டுப் பின்கட்டும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் என் கொத்துக்கரண்டி படாத பிளாக் குறைவு. குவார்ட்டர்ஸ் ரிப்பேர், காம்பவுண்டு சுவர், பஸ் ஸ்டாப் நிழற்குடை, மழைத்தண்ணீர் வாய்க்கால் என்று கான்ட்ராக்டில் செய்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர் எழுந்து போய்விடுவார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்து கலவை சுமந்தவன் நான். படிப்பு மூணாங்கிளாஸ். பிறகு மேஸ்திரி, அதற்கும் பிறகு நானே கான்ட்ராக்டர். முத்தாண்டிக்குப்பம் ரோட்டில், இப்போது நான் இருக்கிற ஊரில், ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதுவும் நான் கட்டியதுதான். பேங்கில் கடன் இல்லை என்றார்கள். சொந்தக்காரர்கள் கையை விரித்தார்கள். இவன் கூரை போடமாட்டான் என்று டீக்கடையில் ஒருத்தர் பந்தயமே கட்டினார். அவர் மகள் கல்யாணம் அந்தக் கூரைக்கடியில்தான் நடந்தது.

கடைசியாகக் கட்டியது ஊருக்குப் பொதுவான சாண கேஸ் கலம். அதன் சுவரில் பதித்த கல்லில் என் பேர் இல்லை. அதனால்தான் இதைச் சொல்லி எழுதவைக்கிறேன்.

சென்னையில் ஓர் அமைப்பு. ஊர் சனம் சேர்ந்து புகையைக் குறைக்கிற வேலை செய்தால் அதற்குப் பணம் தருவார்களாம். சாண கேஸ் கலம் கட்டப் பணம் கேட்டு எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் எழுதிப் போட்டார். எனக்கு மருமகன் முறை. சேதி டீக்கடைக்கு வந்ததும் ஒரே சிரிப்பு.

"நிலக்கரி வெட்டி எரிக்கிற சீமையில, எங்கூட்டு அடுப்பைத் தேடிக்கினு வர்றாங்களாம்யா!"

அந்த அமைப்பிலிருந்து பார்வையிட ஓர் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிலிண்டர் உண்டு. ஆனால் தீர்ந்தால் மாற்றுகிற விலைக்குப் பயந்து யாரும் அதைத் தினமும் பற்றவைப்பதில்லை. விருந்தாளி வந்தால் டீ போட மட்டும்தான். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் முந்திரி விறகில். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று ஒரு கை முந்திரிக்கொட்டை ஓடும் அள்ளிப் போடுவார்கள். அந்தப் புகை கண்ணைப் பிடுங்கும், சுவரில் தார் மாதிரி ஒட்டும்.

வெளி ஆள் வருகிறார் என்றால் ஊர் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தார்கள். அடுப்படிக்கு வெள்ளையடித்தார்கள். விறகைத் தோப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்தார்கள். ஆயுத பூஜை மாதிரி சிலிண்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்த வீடும் உண்டு. யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. எனக்கும்தான்.

அந்த அம்மா வந்தார். வீடு வீடாக நுழைந்தார். நுழைந்த இடமெல்லாம் டீ, எல்லாம் கேஸ் அடுப்பில். பாதித் தெருவிலேயே டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு "போதுங்கம்மா, போதும்" என்றார். கடைசியில் மண்டபத்து வாசலில் நின்று எங்களிடம் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. இப்ப வர்ற புகையில எவ்வளவு குறையும்னு பார்த்துதான் நாங்க பணம் குடுப்போம். இங்க எல்லாருமே கேஸ்லதான் சமைக்கிறாங்க. குறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

தலைவருக்கு முகம் செத்துப்போனது. என் காதோரம் வந்தார்.

"பேசாம இருங்க மாமா. இப்பப் போய் விறகுன்னு சொன்னா ஊரே பொய் சொன்ன மாதிரி ஆயிடும். போனாப் போவுது. மானமாவது மிஞ்சட்டும்."

என் வீடு மாடி வீடு. தரையெல்லாம் டைல்ஸ், அடுப்படியில் கிரானைட். வருகிறவர்களுக்கு நானே சுற்றிக் காட்டுவேன். பாத்ரூமுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. அதைச் சம்பந்திக்குக்கூடக் காட்டியதில்லை. அந்த அம்மாவுக்கும் கூட வந்தவர்களுக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான் வெந்துகொண்டிருந்தது. பெரிய பானையைக் கேஸ் அடுப்பில் ஏற்ற முடியாது.

"எங்கூட வாங்கம்மா" என்று அந்த அம்மாவை நேராகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன்.

என் வீட்டுக்காரி ஊதுகுழலும் கையுமாகத் திரும்பினாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லிக்கினு வரக்கூடாது? மூஞ்செல்லாம் கரியா நிக்கிறேன், இப்படியா கூட்டிக்கினு வருவாங்க?"

அந்த அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது தினமும் எரியுதாம்மா?" என்று கேட்டார்.

"பின்ன? கேஸு, வர்றவங்களுக்குங்க. இது எங்களுக்கு."

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மாடி வூட்டுக்காரருக்கே விறகடுப்பு! இத்தினி நாளா கிரானைட்டுல வேகுதுன்னு இல்ல நெனச்சேன்!"

"ஆமா, வேகுது. உன் கூடையத் தூக்கிக் காட்டு, அதுல என்ன வேகுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

அவள் கூடையைத் தூக்கினாள். பிறகு தெரு முழுக்கத் தூக்கினார்கள். அந்த அம்மா முதல் வீட்டிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வந்தார். இந்த முறை யாரும் டீ கொடுக்கவில்லை.

பணம் வந்தது. குழி தோண்டி, குப்புறக் கவிழ்த்த சட்டி மாதிரி செங்கல் குவிமாடம் எழுப்பிக் கலத்தைக் கட்டினேன். மாடு வைத்திருக்கிறவர்கள் காலையில் ஆளுக்கொரு வாளி சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றுகிறார்கள். வீடுகளுக்குக் குழாயில் கேஸ் போகிறது. என் வீட்டுக்காரி இப்போது வீட்டுக்குள்தான் சமைக்கிறாள். பாராட்டுகிற ஆள் இல்லை அவள். "வேவுது" என்பாள், அவ்வளவுதான். எனக்கு டீக்கடையில் 'விறகடுப்பு மாடி' என்ற பேர் மிச்சம்.

திறப்பு விழாவுக்கு முன்னால் கல்லைப் பதிக்க என்னிடமே கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பணம் தந்த அமைப்பு இருந்தது, தலைவர் இருந்தார். பார்வையிட வந்த அன்று ஊரிலேயே இல்லாத வார்டு மெம்பர்கள் எல்லாரும் இருந்தார்கள். என் பேரைக் கீழ்வரி வரைக்கும் தேடினேன். தலைவரைக் கேட்டேன்.

"கட்டுன கூலிதான் வாங்கிட்டீங்களே மாமா, கல்லுல வேற பேரு வேணுமா?" என்று சிரித்தார்.

ரசமட்டம் வைத்து, ஒரு நூல் கோணாமல் பதித்துக் கொடுத்தேன். வேலை வேறு, இது வேறு.

தலைவர் கேட்டதற்குப் பதில் இதுதான். கூலி, கலம் கட்டினதற்கு. பின்கட்டைத் திறந்ததற்கு நான் கூலி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவு மூடியே கிடந்திருந்தால் அந்த அம்மா டீயைக் குடித்துவிட்டு வண்டி ஏறியிருப்பார். கலமும் இல்லை, கல்லும் இல்லை. அந்தக் கல்லின் அடியில் நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது. பதிக்கும்போதே பார்த்துவைத்தேன். அங்கே என் பேரை வெட்ட வேண்டும். மேஸ்திரி என்று போட வேண்டாம், 'முதலில் தன் அடுப்பைக் காட்டியவர்' என்று போட வேண்டும். கல் வெட்டுகிறவரை நானே கூட்டி வருகிறேன். தலைவர் வந்து பக்கத்தில் நின்றால் போதும்.