தளர்ந்த பெல்ட்

பிஷ்கெக்கில் மெலிஸ் தன் பழைய டேப் ரிக்கார்டரைச் சமையலறை மேசையில் பிரித்துப்போட்டு, புது ஹெட்டும் புது பெல்ட்டும் மாட்டினார். இரைச்சல் அடியோடு போனது. இறந்துபோன மனைவியின் குரல் பதிந்த நாடாவை ஆசையாக ஓடவிட்டார். கீச்சுக் குரலில் யாரோ ஒருத்தி பேசினாள்.

"அப்பா, இது அம்மாவே இல்ல. யாரோ பள்ளிக்கூடத்துப் பொண்ணு," என்று மகள் குல்சாத் சிரித்தாள்.

அவருக்குச் சுருக்கென்றது. பதிவு செய்த அன்று, தளர்ந்த பெல்ட்டால் பெட்டி மெதுவாகத்தான் ஓடியது; அதே வேகத்தில் ஓடினால்தான் அது அவள் குரல்.

"எவன்டா உன்னைச் சரியா ஓடச் சொன்னான்!" என்று பெட்டியைத் திட்டிக்கொண்டே குப்பைக்கூடையைக் கவிழ்த்து, பழைய பெல்ட்டைத் தேடியெடுத்து மாட்டினார். இப்போது அவளேதான் பேசினாள்.

"ஏங்க, டீ ஆறுது. அந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு அழுங்க!"

மெலிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டார். "இதோ வந்துட்டேன்."